அம்மாவின் முகம்: ஒரு மதிப்புரைக்கான குறிப்புகள்

மதிப்புரைக்கென்று ஒரு கவிதைத் தொகுதி வந்தது. எழுதியவர் இளைஞர். எங்கள் பக்கம்தான், மீஞ்சூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறார் என்று முன்னுரையிலிருந்து தெரிகிறது. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. தொகுதியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும். கவிதைகளில் பெரும்பாலானவை கைபேசியில் உலவிவிட்டுப் பிறகு அச்சுக்கு வந்தவை. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தட்டச்சில் நாலு பிரதி எடுத்துத் தபாலில் சுற்றுக்கு விட்ட நமக்கு, சுற்று பெரிதாகிவிட்டது என்று மூக்கைச் சுளிக்க யோக்யதை கிடையாது.

என்னை நிறுத்தியது அட்டை. பழவேற்காட்டு ஏரி. இடுப்பளவு நீரில் ஒரு பெண் குனிந்திருக்கிறாள். கைகள் நீருக்கடியில், சேற்றில் இறாலைத் தடவிக்கொண்டிருக்கின்றன. பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்வியிருக்கிறாள். இரண்டு கையும் வேலையில் இருக்க, பறிக்கு வேறு இடமில்லை. ஏரியில் இருளர் பெண்கள் வலையின்றி இறால் பிடிக்கும் முறை இது. புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது. கண்கள் மட்டும் நிமிர்ந்து காமிராவைப் பார்க்கின்றன. படத்துக்கு மேல், அம்மாவைக் குறிக்கும் ஒரு சொல் கொட்டை எழுத்தில். உள்ளே பத்துப் பன்னிரண்டு அம்மாக் கவிதைகள். அணிந்துரை எழுதிய பேராசிரியர் இந்தப் படத்தை நெய்தல் தாய்மையின் படிமம் என்று வர்ணித்துப் புல்லரித்திருக்கிறார்.

படத்திலிருப்பவள் கவிஞரின் அம்மா இல்லை. படம் எடுத்தவர் பெயரும் எங்கும் இல்லை. யாரோ எடுத்து, யாரோ அனுப்பி, பதிப்பாளர் எங்கிருந்தோ இறக்கிக்கொண்டது.

நெய்தல் என்ற வார்த்தையைக் கையிலெடுக்கிறவர்கள் அந்தக் கவிதை மரபின் அடிப்படையான ஒரு கட்டுப்பாட்டையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒத்த அன்புடைய ஐந்திணையில் எவருடைய பெயரையும் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. இதை ஏதோ இலக்கணச் சம்பிரதாயம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணி மறந்துவிட்டோம். இது அந்தக் கவிதையின் உயிர்நாடி. உள்ளே நடப்பதைச் சொல்லலாம், முழுமையாக, கூச்சமில்லாமல் சொல்லலாம்; யாருக்கு நடந்தது என்பதை மட்டும் சொல்லக் கூடாது. அந்த ஒரு மறுப்பினால்தான் மற்றதெல்லாம் சொல்லக் கூடியதாக ஆயிற்று. நெடுநல்வாடை விவகாரம் இந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பாட்டில் அரசன் பெயர் இல்லை; ஆனால் வேலில் வேப்பந்தார் சூட்டப்பட்டிருக்கிறது, வேம்பு பாண்டியன் பூ, ஆகவே ஆள் இன்னான் என்று தெரிந்துவிட்டது, ஆகவே இது அகமாகாது, புறம் என்றார் நச்சினார்க்கினியர். பெயரைச் சொன்னால்தான் ஆளைக் காட்டிக்கொடுத்ததாகும் என்பதில்லை, ஒரு தழை போதும் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. இன்று கைபேசிப் படத்தின் மூலையில் தெரியும் கலங்கரை விளக்கத்தை வைத்துக் குப்பத்தைக் கண்டுபிடிக்கிறவர்களின் வித்தையும் இதுதான். உரையாசிரியர் அதை வரம்பு மீறல் என்று கணக்கிட்டார், நாம் அதைத் திறமை என்கிறோம்.

அகத்தில் தாய் இருக்கிறாள். நற்றாய் உண்டு, செவிலி உண்டு. மகள் உடன்போக்கில் போய்விட்டபின் வெறிச்சோடிய வீட்டில் நின்று பேசுகிறவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கென்று கூற்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. முகம் கிடையாது, பெயர் கிடையாது, குரல் உண்டு. இந்த அட்டையிலோ முகம் இருக்கிறது, உடம்பு இருக்கிறது, வாயில் பறி இருக்கிறது.

நெய்தலில் இன்னொன்றும் உண்டு: அலர். வாய்க்குள் முணுமுணுக்கிறவரை அம்பல், ஊர் முழுக்கப் பரவினால் அலர் என்று பிரித்தார்கள். ஊர்ப் பெண்கள் தெருவில் நின்று பேசும் கொடுமையைத் தலைவி சொல்லிச் சொல்லி மாய்கிறாள். ஆனால் அந்த அலருக்கு ஒரு எல்லை இருந்தது. ஊர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிது அது. கல்யாணம் நடந்தால் அடங்கிவிடும். பேசுகிறவள் யாரென்று தெரியும், அவள் வீட்டு வாசலுக்குப் போய் மண்ணை வாரித் தூற்றலாம். இப்போது பரவுகிற அலருக்கு ஊர் இல்லை, வாசல் இல்லை, அடங்கும் நாளும் இல்லை.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாங்கள் கேவலப்படுத்தவில்லையே, போற்றுகிறோமே, தாய்மையை வணங்குகிறோமே என்பார்கள். தமிழனின் தாய் வணக்கம்! லாரியின் பின்பலகையில் தாயே துணை என்று எழுதியிருப்பான். முன்னால் போகிறவன் வழிவிடவில்லை என்றால் அவன் தாயை இழுத்துத்தான் முதல் வசவு வரும். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இரண்டுக்கும் தாய் என்பவள் ஒரு ஆள் அல்ல, எடுத்து வீசவோ ஏற்றி வைக்கவோ வாகான ஒரு பொருள்.

இங்கே சட்டத்தை இழுப்பது சிலருக்கு அசந்தர்ப்பமாகப் படலாம். ஆனால் வழக்கு ஒரு சுயசரிதையைப் பற்றியது, நம் எல்லைக்குள் வருவதுதான். கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கர் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினான். அதை நக்கீரன் பத்திரிகை வெளியிட இருந்தது. சில அதிகாரிகளின் பெயர் அதில் வருகிறது என்பதால் தடுக்கப் பார்த்தார்கள். பத்திரிகை உச்ச நீதிமன்றம் போயிற்று. 1994 அக்டோபரில் தீர்ப்பு. வெளியாகுமுன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று சொன்ன அதே தீர்ப்பு, ஒவ்வொருவருக்கும் தன் போக்கில் விடப்படும் உரிமை உண்டு என்றும் சொன்னது. குடும்பம், திருமணம், தாய்மை, பிள்ளைப்பேறு, கல்வி ஆகியவற்றைப் பற்றி உரியவரின் சம்மதமின்றி எவரும் வெளியிடலாகாது. விஷயம் உண்மையானாலும் சரி, பொய்யானாலும் சரி. புகழ்ச்சியானாலும் சரி, கண்டனமானாலும் சரி. பொது ஆவணங்களில் ஏறிவிட்டவை, தானே பொது விவகாரத்தில் வந்து நின்றவர்கள் போன்ற விலக்குகள் உண்டு. ஆனால் புகழ்ச்சியானாலும் சரி என்ற அந்த இடத்தை நம் கவிஞர்கள் நாலு தடவை படிக்க வேண்டும். கவிதையைப் பற்றி நம் விமர்சகர்கள் சொல்லாத ஒன்றை இரண்டு நீதிபதிகள், ஒரு கொலைகாரனின் சுயசரிதையை முன்வைத்துச் சொன்னார்கள். 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் கூடி, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதிப்படுத்தியது அதற்குப் பின்னால். தனியுரிமை என்று இப்போது ஒரு சொல் செய்திருக்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. தனி என்றதும் நமக்கு ஒண்டியாக நிற்பதுதான் ஞாபகம் வருகிறது. அகம் என்ற சொல்லைப் புலவர் பட்டத்துக்குத் தாரைவார்த்துவிட்டோம்.

அப்படியானால் சொந்த வீட்டைப் பற்றி, சொந்த ஊரைப் பற்றி யாரும் எழுதவே கூடாதா? கருக்கு 1992இல் வந்தபோது பாமாவின் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொண்டு சில மாதங்கள் அவரை ஊருக்குள் வரவிடவில்லை. எங்களை ஏன் வெளியே போட்டாய் என்ற கோபம். பிறகு அவர்களே அதைத் தங்கள் புத்தகமாக ஏற்றுக்கொண்டார்கள். இடையில் என்ன நடந்தது என்று கேட்டால், எழுதியவர் அந்த அலருக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். ஊர் திட்ட முடிகிற தூரத்தில் இருந்தார். தன்னையும் சேர்த்துத்தான் வெளியே போட்டிருந்தார். நம் அட்டைக் கவிஞர் எதைக் கொடுத்தார்?

திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. மீஞ்சூரிலிருந்து மின்சார ரயிலில் சிறிது நேரப் பயணம். கடல் வாணிகம் செய்து பொருள் குவித்துப் பிறகு எல்லாவற்றையும் உதறியவர் என்பது கதை. உதற முடியாமல் நின்றது தாயின் ஈமக்கடன் ஒன்று. அப்போது பாடியதாக வழங்கும் பாட்டுகளைத் தமிழ்நாட்டில் சாவு வீட்டில் இன்றும் பாடுகிறார்கள். அவற்றில் அவள் பெயர் இல்லை. எப்படி இருந்தாள் என்பதும் இல்லை. சுமந்தது, ஊட்டியது, தாலாட்டியது, இப்போது தான் தீ மூட்டுவது: இவ்வளவுதான். அவள் செய்ததும் அவன் செய்வதும் இருக்கின்றன, அவள் காட்டப்படவில்லை. எந்தச் சாவு வீட்டிலும் எந்த மகனும் அந்த இடத்தில் நின்றுகொள்ள முடிவது அதனால்தான். நாடறிந்த துக்கப் படம் ஒன்று உண்டு. 2004 டிசம்பரில் கடலூரில் ஆர்கோ தத்தா எடுத்தது, உலகப் பத்திரிகைப் புகைப்படப் பரிசு பெற்றது. சுனாமியில் உறவைப் பறிகொடுத்த பெண் மணலில் கவிழ்ந்து, உள்ளங்கைகளை வானத்துக்கு விரித்திருக்கிறாள். ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும். அதைப் பெரிய படம் என்றே நினைக்கிறேன். அது இல்லாவிட்டால் வெளியுலகத்துக்கு அந்தக் கடற்கரை ஒரு எண்ணிக்கையாக இருந்திருக்கும். ஆனாலும் அந்த நிமிஷத்தில் அவளிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க முடியாது என்பதும் அதைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது. எனக்கு இதில் தீர்ப்பு கிடைக்கவில்லை.

தொகுதியில் ஒரு நல்ல கவிதை இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். மகன் வங்கிக் கணக்குக்குப் படிவம் நிரப்புகிறான். தாயின் கன்னிப் பெயர் என்று ஒரு கட்டம். அம்மாவிடம் கேட்கிறான். அவள் அடுப்பைப் பார்த்தபடி சும்மா இருக்கிறாள். பிறகு தன் அப்பா பெயரைச் சொல்கிறாள், தன் பெயரோடு சேர்த்து, பழக்கமில்லாத வார்த்தையை உச்சரிக்கிறவள் போல. கவிதை அந்தப் பெயரை நமக்குத் தரவில்லை. கட்டத்தில் எழுதினான் என்பதோடு நின்றுவிடுகிறது. இதை எழுதியவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அப்புறம் ஏன் அந்த அட்டை?

பள்ளிக்கூடத்தில் எங்கள் காலத்தில் அம்மாவின் பெயர்தான் பெரிய ரகசியம். எப்படியோ கண்டுபிடித்துவிட்டால் அதைச் சொல்லியே கூப்பிடுவார்கள், அடிதடி நடக்கும். இந்தோனேசியாவிலும் பையன்கள் பெற்றோர் பெயரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் சீண்டுவார்களாம். அங்கும் வங்கிகள் பெற்ற தாயின் பெயரைத்தான் அடையாளச் சோதனைக்குக் கேட்கின்றன. லஜ்ஜையினால் மறைத்தது இப்போது பூட்டுச் சாவியாகிவிட்டது. சாவி ஆனதால் திருடப்படுகிறது.

இந்தோனேசியாவைச் சும்மா இழுக்கவில்லை. பழவேற்காட்டிலிருந்து ஒரு காலத்தில் கப்பல் நேராக அங்கேதான் போயிற்று. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியாக் கோட்டையைக் கட்டினார்கள். இங்கிருந்து துணி போயிற்று, அதை விற்று அங்கே வாசனைத் திரவியம் வாங்கினார்கள். மனுஷர்களும் போனார்கள். 1621க்கும் 1665க்கும் இடையில் 131 கப்பல்களில் 38,441 பேர் அடிமைகளாகப் படேவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள் என்று ஆய்வாளர் வில் டைக் கணக்கிட்டிருக்கிறார். பஞ்ச காலங்களில் விலை சரிந்தது, பிள்ளைகளை விற்றார்கள். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பம், உள்ளே கல்லில் பெயர், தேதி, குலச் சின்னம், நேர்த்தியான எழுத்து. 38,441 என்பதில் பெயர் இல்லை.

ஏலம் ஓய்ந்துவிடவில்லை. 2022 ஜனவரி முதல் தேதி, கைபேசிச் செயலி ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்களை ஏலத்துக்கு என்று போட்டார்கள். அவர்களே வெளியிட்டிருந்த படங்களைத் திருடிப் போட்டது. யாரையும் உண்மையில் விற்கவில்லை, அவமானப்படுத்துவதுதான் நோக்கம். கைதானவர்கள் கல்லூரிப் பிராயத்துப் பிள்ளைகள். அந்தப் படங்களில் ஒன்று, 2016இல் டில்லியில் பல்கலைக்கழக விடுதியிலிருந்து காணாமற்போன மாணவனின் தாயுடையது. அறுபதைத் தாண்டியவள். காணாமற்போன மகனைத் தேடி அவனுடைய படத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றதால்தான் அவள் முகம் ஊருக்குத் தெரிந்தது. அவள் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. இங்கே வேண்டாம்.

சுமத்ராவின் மேற்குக் கரையில் மாலின் குண்டாங் என்று ஒரு கதை. ஏழைத் தாயின் மகன் கப்பலேறிப் போய்ப் பணக்காரனாகத் திரும்புகிறான். கரையில் வந்து கட்டிக்கொள்ளும் கிழவியை, மனைவியின் எதிரில், என் தாய் இல்லை என்கிறான். அவள் சபிக்கிறாள், கல்லாகிறான். பாடாங் அருகே கடற்கரையில் குப்புறக் கிடக்கும் பாறையை அவன்தான் என்று காட்டுகிறார்கள். தாயை ஆளறிய மறுத்தவனுக்கு அந்தக் கடலோரத்தில் சாபம் இருக்கிறது. தாயல்லாத ஒருத்தியை ஆளறியக் காட்டிவிட்டவனுக்கு எந்தக் கதையிலும் சாபம் இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று கதை சொன்ன கிழவிகளுக்குத் தோன்றியிருக்காது.

இதுவரை எழுதியதை மேஜையில் வைத்துவிட்டுத் தொகுதியோடு பஸ் ஏறினேன். எந்தக் குப்பம் என்று எழுத மாட்டேன், எழுதினால் வேப்பந்தார் ஆகிவிடும். ஏரிக்கரையில் மூன்று இடங்களில் அட்டையைக் காட்டினேன். மூன்றாவது இடத்தில் சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகுதான் உறைத்தது: டீக்கடையில், வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம், மீன் தட்டுக்காரியிடம், அவள் முகத்தை நானே சுற்றுக்கு விட்டிருக்கிறேன். அலருக்கு எதிராக எட்டுப் பக்கம் எழுதிவிட்டு வந்தவன் செய்த காரியம் இது.

ஐம்பது வயதிருக்கும். என்னை உட்காரச் சொன்னாள். படத்தைக் கையில் வாங்கி, தூரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எட்த்தது தெரியும் சார். வாயில பறி கீது, கை ரெண்டும் தண்ணில. வாணாம்னு எப்டி சொல்றது?"

முதலில் படம் வந்தது மருமகனின் கைபேசிக்குத்தானாம். அவன் வேலை பார்க்கும் இடத்தில் எவனோ காட்டி, இது உன் மாமியார்தானே என்று சிரித்திருக்கிறான். "மூணு நாளு எம்பொண்ணாண்ட பேசல. நான் இன்னா பண்ணேன்?" புத்தகம் வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. இது கவிதைப் புத்தகம் என்றேன், அம்மாவைப் பற்றி என்றேன். யாரோட அம்மா என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

பிறகு கேட்டாள்: "எம் பேரு போட்டுகீதா?"

"இல்லம்மா."

"மூஞ்சி வேணும், பேரு வாணாமா?"

என் கட்டுரையின் முதல் பாதி அங்கே ஆட்டம் கண்டது. பெயர் சுட்டாமை ஒரு மரியாதை என்று சொல்லிக்கொண்டு வந்தவன் நான். அவளுக்கு அது அப்படி இல்லை. ஊரில் அவளை இன்னான் அம்மா, இன்னாள் ஆத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏரியில் பாடு பிரிப்பதற்கு மீனவர் குப்பங்களில் பட்டியல் போடுகிறார்கள், அதில் ஏறுவது ஆண் பெயர். இருளருக்கு அந்தப் பட்டியலே இல்லை. சாதிச் சான்றிதழுக்கு அலைந்தபோது தன் பெயரை மூன்று காகிதத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தார்களாம். ரேஷன் கடை இயந்திரத்தில் விரலை வைத்தால் ரேகை விழுவதில்லை, சேற்றில் தேய்ந்துவிட்டது. பெயர் கேட்கப்பட வேண்டிய இடங்களிலெல்லாம் தவறவிடப்பட்ட ஒருத்தியிடம் போய், அகமரபு உன்னைப் பெயரிடாமல் காப்பாற்றுகிறது என்று நான் சொன்னால் அது பேராசிரியரின் புல்லரிப்பைவிட ஆபாசமானது. அகத்தில் பெயரில்லாமல் இருக்கச் சம்மதித்த தலைவிக்குப் பேச வாய் இருந்தது. அந்தக் கொடுக்கல் வாங்கலை நான் சரியாக எடை போடவில்லை.

அதற்காக அவள் பெயரை இங்கே எழுதலாமா? கேட்டேன். அவள் பேத்தியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நீ இன்னாத்துக்கு எழுதற? அவன் எழுதட்டும்" என்றாள்.

கவிஞருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், போய்ப் பாரும் என்று. அட்டையை மாற்றுவதா, பெயரைச் சேர்ப்பதா, பணம் கொடுப்பதா, அதை அவளிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

தொகுதியில் மற்ற கவிதைகளைப் பற்றியும் எழுதுவதாக இருந்தேன். கடைசிப் பகுதியில் ரயில் பற்றிய இரண்டு கவிதைகளில் ஏதோ இருந்ததாக ஞாபகம். சரிபார்த்துச் சொல்ல வழியில்லை. புத்தகத்தை அவள் திருப்பித் தரவில்லை.